காப்புரிமையை இலவசமாகத் திறந்துவிட்டால் புதுமை பெருகுமா?

வாசகர் கேள்வி, 04.02.2024

"டெஸ்லா 2014-இல் தன் காப்புரிமைகள் அனைத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே வோல்வோ காப்புரிமை எதுவும் எடுக்காமல் சீட் பெல்ட்டை உலகத்துக்குக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன? பூட்டி வைத்த அறிவால் யாருக்கு லாபம்?"

04.02.2024, இரவு 9.40

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காப்புரிமை பெற்ற அறிவைப் பூட்டி வைத்த அறிவு என்று சொல்வதே பிழை. விண்ணப்பித்த 18 மாதங்களில் அது வெளியிடப்பட்டுவிடுகிறது. விவரக்குறிப்பு, படங்கள், உரிமைக்கோரல்கள் என அனைத்தையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படித்துக்கொள்ளலாம். 20 ஆண்டுகளுக்குத் தடுக்கப்படுவது, படித்ததை அனுமதி இல்லாமல் செய்வதும் பயன்படுத்துவதும் விற்பதும்தான்.

கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பகத்தின் வரைபடப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குள் மணல் புகுந்துவிடுவது எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தீராத தலைவலி. முதலாளியின் மகனும் ஒரு ஃபிட்டரும் நானும் பதினான்கு மாதம் அதற்காகவே உட்கார்ந்து, தண்டின் மேல்முனையில் அமரும் ரப்பர் மணல்தடுப்பு வளையம் ஒன்றை உருவாக்கினோம். சந்தைக்கு வருமுன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்தும் இருந்தோம். ஆனால் விற்பனைக்கு வந்த அதே கோடையில், எங்கள் பம்பை வாங்கி அறுத்துப் பார்த்து, அதே வளையத்தை மூன்று பட்டறைகள் போட்டுவிட்டன. காப்புரிமை கைக்கு வரும்வரை மீறல் வழக்குத் தொடுக்க முடியாது; எங்களுக்கு அது வந்து சேர ஐந்தாவது ஆண்டு ஆகிவிட்டது. பெரிய நிறுவனம் தானாக முன்வந்து திறந்துவிட்டால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். சட்டம் போட்டுத் திறக்கச் சொன்னால், முதலில் நசுங்குவது முப்பது பேர் வேலை செய்யும் எங்களைப் போன்ற இடங்கள்தான்.

04.02.2024, இரவு 10.25

மேலே ஒன்றைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். வோல்வோ காப்புரிமை எடுக்காமல் இருக்கவில்லை. விமானங்களுக்கான வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த நில்ஸ் போலின் 1958-இல் வோல்வோவுக்கு வந்தார். அவருடைய மூன்றுமுனைப் பட்டை 1959-இல் கார்களில் ஏறியது. அமெரிக்கக் காப்புரிமை 1962-இல் வழங்கப்பட்டது. முறையாகப் பதிந்து கையில் வைத்துக்கொண்டு, பிறர் பயன்படுத்துவதை மட்டும் தடுக்காமல் இருந்தார்கள். பத்திரம் தன் பெயரில் இருக்கும்போதே வேலியைப் பிடுங்கிப் போட்டது போன்ற செயல் அது.

05.02.2024, காலை 7.10

டெஸ்லாவைப் பற்றி. 2014 ஜூன் 12 அன்று எலான் மஸ்க் எழுதிய அறிவிப்பைப் பலரும் "காப்புரிமைகளைக் கைவிட்டார்" என்றே சொல்கிறார்கள். கைவிடவில்லை. நல்லெண்ணத்தோடு தங்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துபவர்மீது தாங்களாக வழக்குத் தொடுக்க மாட்டோம் என்றுதான் அதில் இருக்கிறது. அந்த "நல்லெண்ணம்" எதைக் குறிக்கிறது என்பது பின்னர் வெளியான உறுதிமொழியின் வாசகத்தில் விளக்கப்பட்டிருக்கிறது. டெஸ்லாவுக்கு எதிராகக் காப்புரிமையையோ வேறெந்த அறிவுசார் சொத்துரிமையையோ நீங்கள் கிளப்பக் கூடாது. மின்வண்டித் துறையில் மூன்றாம் தரப்பினர்மீதும் உங்கள் காப்புரிமையைக் கிளப்பக் கூடாது. டெஸ்லாவின் காப்புரிமை செல்லாது என்று வாதிடவும் கூடாது. அவர்களுடைய பொருளைப் போலவே தோன்றும் போலியை விற்கவும் கூடாது.

முதல் நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். காப்புரிமை மட்டும் என்றால் பரிமாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். வணிகச் சின்னமும் தொழில் ரகசியமும்கூட அறிவுசார் சொத்துரிமைதானே? ஒரு சிறிய பேட்டரி நிறுவனம் டெஸ்லாவின் ஒரே ஒரு காப்புரிமையைப் பயன்படுத்தத் தொடங்கினால், நாளைக்குத் தன் ரகசியம் திருட்டுப் போனாலும் வாயைத் திறக்க முடியாத நிலைக்கு வந்துவிடக்கூடும். இலவசம் என்று எழுதியிருக்கிற கடையிலும் விலைப்பட்டியல் எங்கேயோ ஓர் ஓரத்தில் தொங்கும்.

05.02.2024, மதியம் 1.15

ஒருவர் தம் கவிதைத் தொகுப்புக்குக் காப்புரிமை வாங்கியிருப்பதாக இங்கே எழுதியிருக்கிறார். ஐயா, அது பதிப்புரிமை. நாளிதழ்களே இரண்டையும் குழப்புகின்றன என்பதால் உங்களைக் குறை சொல்ல முடியாது.

05.02.2024, இரவு 11.05

குழப்பம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வளையத்துக்கு விண்ணப்பிக்கக் காப்புரிமை முகவர் வந்திருந்த நாளில், முதலாளியின் மகன் வார்ப்பகத்துக்கு ஆள் அனுப்பி "பேட்டன்ட் கோப்பை எடுத்து வா" என்றார். ஃபோர்மேன் காதில் அது "பேட்டர்ன்" என்று விழுந்தது. பத்து நிமிடம் கழித்து, வளையம் உட்காரும் மேல்மூடியின் மர பேட்டர்னைக் கோர் பாக்ஸோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, முகவரின் மேசைமேல் இருந்த காகிதங்களின் மேலேயே வைத்தார்கள். மணலும் கருப்புச் சாயமும் அவருடைய வெள்ளைச் சட்டையில் படிந்தன. அன்று சிரித்தோம்.

வார்ப்பகம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மணல் அச்சில் பதித்து எடுக்கும் மாதிரிதான் பேட்டர்ன். தேக்கிலோ வேறு மரத்திலோ பேட்டர்ன் ஆசாரி செதுக்குவார். அது பொருளின் சரியான அளவில் இருக்காது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கூட்டித்தான் செதுக்க வேண்டும். மணலிலிருந்து சிதையாமல் வெளியே வரப் பக்கங்களில் சாய்வு விட வேண்டும். கடைசலில் எவ்வளவு போகும் என்று பார்த்து அதற்கும் சதை விட வேண்டும். எங்கள் ஆசாரி இவற்றில் எதையும் எழுதி வைத்தவர் அல்லர். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு நூல்" என்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அந்த மேசைமேல் இருந்த இரண்டையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கீழே கிடந்த காகிதத்தை உலகமே படிக்கலாம். மேலே இருந்த மரத்தில் இருந்ததைத் தூக்கி வந்த இரண்டு பேராலும்கூடச் சொல்லியிருக்க முடியாது. நிறுவனங்கள் "பகிர்கிறோம்" என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் பகிர்வது காகிதத்தை, அதாவது ஏற்கெனவே வெளியாகிவிட்ட ஒன்றை.

06.02.2024, மாலை 6.30

டொயோட்டாவைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். என் வாதத்துக்கு அது இன்னும் வாகாக இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஏறக்குறைய 24,000 காப்புரிமைகளை 2030 முடியும்வரை உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: அவர்களுடைய அமைப்புகளை வைத்து வண்டி செய்ய விரும்புவோருக்குத் தொழில்நுட்ப உதவி, கட்டணத்துக்கு. எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதை அவர்களே பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஒளிவுமறைவு இல்லாத வியாபாரம் என்பதால் நான் அதை மதிக்கவே செய்கிறேன்.

07.02.2024, இரவு 10.50

"அப்படியென்றால் காப்புரிமை தடையே இல்லை என்கிறீர்களா?" என்று ஈரோட்டு நண்பர் மடக்கியிருக்கிறார். இல்லை. ஞாயிறன்று எழுதியதில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு ஜேம்ஸ் வாட் கதையைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீராவிப் பொறியில் தாம் சேர்த்த தனிக் குளிர்விப்பு அறைக்கு வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பணம் போட்ட ஜான் ரோபக் நொடித்துப்போனார். அடுத்து வந்த மேத்யூ போல்டன், காலம் நீட்டிக்கப்பட்டால்தான் போட்ட முதல் திரும்பும் என்று கணக்குப் போட்டதால், 1775-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அது 1800 வரை நீட்டிக்கப்பட்டது. இதுவரை என் ஞாயிற்றுக்கிழமை வாதம் செல்லும்: அந்த 25 ஆண்டு உறுதி இல்லாமல் போல்டன் பணத்தை இறக்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சங்கடம். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில், பழைய நியூகோமன் நீராவிப் பொறியோடு ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை உரிமத்தொகையாக வசூலித்தார்கள். இரண்டு உருளை வைத்துப் பொறியை மேம்படுத்திய ஜொனாதன் ஹார்ன்பிளோவர் தம் வழியில் மேலே போக முடியாமல் வாட்டின் காப்புரிமை குறுக்கே நின்றது. உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்று வாட் அதையும் எதிர்த்தார். இதில் வேடிக்கை, அவரும் அதே முள்ளில் மாட்டினார்: சுழலச்சைத் திருப்பும் கிராங்க் அமைப்புக்கு ஜேம்ஸ் பிக்கார்டு 1780-இல் காப்புரிமை எடுத்திருந்ததால், வாட் அதைச் சுற்றிக்கொண்டு போக "சூரியனும் கோளும்" என்ற பல்சக்கர அமைப்பைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1800-இல் காலம் முடிந்தது. போல்டன்-வாட் ஆட்கள் கார்ன்வாலை விட்டுப் போனார்கள். உடனே எல்லாம் பூத்துக் குலுங்கவில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் போனதால் பொறிகளின் திறன் சில ஆண்டுகள் இறங்கவே செய்தது. அப்புறம்தான் சுரங்க மேலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1811 முதல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளரின் பொறுப்பில் மாதம்தோறும் ஓர் அறிக்கை வரத் தொடங்கியது: எந்தச் சுரங்கத்தில் யாருடைய பொறி, ஒரு புஷல் (பழைய ஆங்கிலேய முகத்தல் அளவை) நிலக்கரிக்கு எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் ஏற்றியது, உருளையின் விட்டம் என்ன என்று பெயர் போட்டு அச்சிட்டார்கள். பொறியாளர்களுக்குள் போட்டி கிளம்பியது. ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்த்துத் திருத்தினார். ரிச்சர்டு டிரெவிதிக் 1812-இல் நிறுவிய உயர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை எடுக்காமலேயே விட்டார். அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் அதே நிலக்கரியில் ஏற்றிய நீர் பல மடங்கானது.

ஆக, வாட்டின் காப்புரிமை முடிந்தது கதவைத் திறந்தது. லீனின் மாதாந்தர அறிக்கைதான் ஆட்களை உள்ளே நடக்க வைத்தது. திறந்த கதவு ஒரு பத்தாண்டு காலம் சும்மாதான் கிடந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

08.02.2024, காலை 6.45

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. காப்புரிமை முடிந்தவுடன் கிடுகிடுவென நடந்ததும் உண்டு. ஸ்ட்ராடசிஸ் நிறுவனத்தின் முப்பரிமாண அச்சு முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானதும், வீட்டில் வைத்துக்கொள்ளும் மலிவு அச்சுப்பொறிகள் சந்தையில் இறங்கின. ஆனால் அங்கே பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இலேயே தொடங்கிய ரெப்ராப் திட்டம் வரைபடங்களையும் பாகப் பட்டியலையும் பொதுவில் போட்டு, நூற்றுக்கணக்கான கைகளைப் பழக்கி வைத்திருந்தது. பழகிய கை காத்திருந்ததால் பத்தாண்டு வீணாகவில்லை.

08.02.2024, இரவு 9.20

மருந்துத் துறை நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார், அது நியாயமான கோபம். நான் பேட்டர்ன், பேட்டன்ட் என்று பேசிக்கொண்டிருக்க, ஆட்கள் மாத்திரை இல்லாமல் செத்தார்கள் என்கிறார்.

நீதிபதி ராஜகோபால ஐயங்காரின் 1959 அறிக்கையை ஒட்டி வந்த 1970 காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அந்த இடைவெளியில் நம் வேதியியலாளர்கள் மாற்றுச் செய்முறைகளில் கைதேர்ந்தார்கள். 2001-இல் சிப்லா, எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, பெருநிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல் இருந்தது. அங்கே காகிதம் மட்டுமே தடையாக இருந்தது. மரம் நம் கையிலேயே இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மறுபக்கம். மாடர்னா 2020 அக்டோபரில், பெருந்தொற்று நீடிக்கும்வரை தன் கோவிட் காப்புரிமைகளை யார்மீதும் செலுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. எத்தனை நாட்டில் அந்தத் தடுப்பூசி உற்பத்தியானது? கேப் டவுனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அமைந்த மையத்தில் ஆஃப்ரிஜென் நிறுவனம், வெளியில் கிடைத்த மரபுத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு, மாடர்னாவின் உதவி இல்லாமல் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கொழுப்புத் துகள் கலவையை எப்படிக் கலக்குவது என்று சொல்லித்தர யாரும் வரவில்லை. இதற்கிடையே 2022 மார்ச்சில் அந்த வாக்குறுதி 92 ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு என்று சுருங்கியது. ஆகஸ்டில் ஃபைசர், பயான்டெக் நிறுவனங்கள்மீது மாடர்னா வழக்கே போட்டது. ஒரு செய்தி அறிக்கையில் கொடுத்ததை இன்னொரு செய்தி அறிக்கையில் திருப்பி எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால், அதை நம்பி எந்த வங்கி ஆலைக்குக் கடன் கொடுக்கும்?

09.02.2024, இரவு 10.10

வழக்குப் பயத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. நம் மாநிலத்தோடு தொடர்புடைய வழக்கு ஒன்றே போதும். இரட்டைத் தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்) எஞ்சின் தொடர்பாக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2009-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் நடத்தி நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. அந்தத் தகராறு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. இரண்டு பெரிய நிறுவனங்கள் தாங்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய பட்டறைக்காரருக்கு ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவருடைய பொருள் அந்த உரிமைக்கோரலுக்குள் வராது என்று அவர் வக்கீலே சொன்னார். ஆனாலும் மறுநாள் அச்சுகளை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். "ஜெயிக்கும்வரை சாப்பிட வேண்டுமே" என்றார்.

இங்கே உறுதிமொழிக்கு மதிப்பு உண்டு. அது நிபந்தனை இல்லாமல், திரும்பப் பெற முடியாதபடி, காப்புரிமைப் பதிவேட்டிலேயே எழுதப்பட வேண்டும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கேட்பவர் எவருக்கும் உரிமம் தரத் தயார் என்று பதிவேட்டில் குறித்துவிட்டால், ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தில் பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். கட்டாயச் சட்டத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

10.02.2024, காலை 8.00

டெஸ்லாவுக்கு ஒரு நல்ல சொல்லும் சொல்லிவிட வேண்டும். 2022 நவம்பரில் தங்கள் மின்னேற்று இணைப்பானின் வரைபடக் கோப்புகளையும் விவரக்குறிப்புகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 2023 மே மாதம் ஃபோர்டும் ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஏற்றன. 2014 வாக்குறுதி எட்டு ஆண்டுகளாகச் செய்யாததை வரைபடமும், அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே நட்டு வைத்த மின்னேற்று நிலையங்களில் இடமும் ஏழே மாதத்தில் செய்தன.

11.02.2024, இரவு 9.30

ஒரு வாரம் முன்பு எழுதிய முதல் குறிப்பை இன்று திரும்பப் படித்தேன். மூன்று பட்டறைகள் காப்பியடித்தன என்பது உண்மை. அதனால் நாங்கள் நசுங்கினோம் என்பதுபோல் எழுதிவிட்டேன், அது உண்மை அன்று. இரண்டே மாதத்தில் அவர்களுடைய வளையங்கள் தண்டை இறுகப் பிடித்து மோட்டார்கள் எரிந்தன. விவசாயிகள் எங்களிடமே திரும்பி வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு கிடைத்த காப்புரிமையை வைத்து நாங்கள் யார்மீதும் வழக்குப் போடவில்லை. ஏழாம் ஆண்டு புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவதை முதலாளி நிறுத்திவிட்டார். கோபத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு, நடந்ததை வேறாகச் சொல்லியிருக்கிறேன்.

12.02.2024, இரவு 8.40

பல்லடத்தில் பட்டறை வைத்திருப்பவர், காலாவதியான அந்தக் காப்புரிமையைத் தாம் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் பயன்படுத்தலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அதில் உள்ள படத்தை அப்படியே செய்தால் உங்கள் மோட்டாரும் எரியும்.

மிச்சத்தை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை என்பதால், இன்று மாலை முதலாளியின் மகனைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவர்தான் முதலாளி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வளையம் மட்டும்தானே, எழுதுங்கள், பேட்டர்னைக் கேட்காமல் இருந்தால் சரி" என்றார்.

ரப்பர் வளையத்தை உலர்ந்த நிலையில் அளந்து கடையாதீர்கள். தண்ணீரில் ஊறினால் அது உப்பும். எந்தப் பகுதிக்கு விற்கிறீர்களோ அந்தப் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே மூன்று நாள் மூழ்க வைத்து, எடுத்துத் துடைத்த ஒரு மணி நேரத்துக்குள் உள்விட்டத்தை அளந்து, அதற்குப் பிறகு கடையுங்கள். மெல்லிய உதடு மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். படத்தில் உதடு கீழ்நோக்கி இருக்கும். அது நான் வரைந்தபோது செய்த பிழை, யாரும் கவனிக்கவில்லை.